தையலுக்கு விட்ட எலும்பு

டாக்டர், இந்த வார்டு ஜன்னல் திரைகளை யார் தைத்தது என்று தெரியவில்லை. ஓரத்தை ஒரே ஒரு மடிப்புதான் மடித்திருக்கிறார்கள். நாலு தடவை துவைத்தால் நூல் பிரிந்து வந்துவிடும். மூன்று நாளாக மல்லாந்து படுத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருப்பது எனக்கு மிகவும் சிரமமாக இருக்கிறது. நான் வீட்டுக்குப் போன பிறகு கழற்றி அனுப்புங்கள், சரிசெய்து தருகிறேன்.

சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போடாமல் நான் அடம்பிடிப்பதாக நர்ஸ் சொல்லியிருப்பாள். அடமெல்லாம் இல்லை. கையெழுத்துப் போடாததற்கு ஒரு காரணம் இருக்கிறது. நாளைக் காலை ஆபரேஷன் என்பதால் அதை இப்போதே சொல்லிவிடுவது நல்லது. கொஞ்சம் உட்காருங்கள்.

ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டத்துக்காகக் கடை வாசலில் சீரியல் பல்பு கட்டும்போது முக்காலி சரிந்து விழுந்தேன். வலது தொடை எலும்பு முழங்காலுக்குச் சற்று மேலே முறிந்துவிட்டது. படம் எடுத்துப் பார்த்துவிட்டு, புது மாதிரித் தகடு வைக்கப்போவதாகச் சொன்னீர்கள். மனித எலும்பின் வடிவத்தைத் துண்டு துண்டாக அளந்து, மெட்ராஸில் கம்ப்யூட்டரில் போட்டு, அதன் மேடு பள்ளத்துக்கு ஏற்றபடி வளைத்த தகடு என்றீர்கள். எலும்பின்மேல் உறை மாதிரி உட்காரும் என்றீர்கள். பெட்டியைத் திறந்து காட்டவும் செய்தீர்கள். நீங்கள் அவ்வளவு பெருமையாகச் சொல்லும்போது குறுக்கே பேச எனக்கு மனம் வரவில்லை. ஆனால் பார்த்த மாத்திரத்தில் அது என்னுடைய வெட்டு என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

அந்த எலும்பை அளந்தவன் நான்தான், டாக்டர். அளந்தவன் என்றால், அளந்து கொஞ்சம் திருத்தியவன்.

விவரமாகச் சொல்கிறேன். தெற்கு ரத வீதியில் பாத்திரக்கடை செல்வமணி அண்ணாச்சியின் கட்டடத்தில் முன்பக்கம் என் டெய்லர் கடை, பின்பக்கம் அவர்கள் வீடு. அவருடைய மகள் ஞானபூரணம் மெட்ராஸில் இஞ்சினியரிங் படித்துவிட்டு, அங்கேயே டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். பாலம் எவ்வளவு பாரம் தாங்கும் என்று கணக்குப் போடுகிற படிப்பு. அவள் பாலத்தை விட்டுவிட்டு மனிதத் தொடை எலும்பைப் பிடித்துக்கொண்டாள். எழுபத்தொன்பதாம் வருஷம் அவள் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து படுத்துவிட்டதால், மூன்று மாத லீவில் எலும்பும் கையுமாக ஊருக்கு வந்தாள்.

எலும்பு என்றால் முழு எலும்பு இல்லை. நீங்கள் மாவுக்கட்டுப் போடுகிறீர்களே, அதே மாவுக்குள் எலும்பைப் புதைத்துக் காயவைத்து, வாழைத்தண்டு நறுக்குவதுபோல இடுப்பிலிருந்து முழங்கால் வரை நூற்றைம்பது வில்லைகளாக அறுத்திருந்தார்கள். ஒவ்வொன்றிலும் மசியில் நம்பர் இருந்தது. வில்லைமேல் மெல்லிய காகிதத்தை வைத்து, எலும்பின் ஓரத்தைப் பென்சிலால் வரைய வேண்டும். அந்தக் கோட்டைக் கட்டம் போட்ட தாளில் வைத்துச் சுற்றிலும் முப்பத்தாறு புள்ளிகளை அவள் அளந்து எழுதுவாள். மெட்ராஸில் அதையெல்லாம் அட்டையில் ஓட்டை போட்டுக் கம்ப்யூட்டருக்குக் கொடுத்தால், அது வில்லைகளை ஒன்றின்மேல் ஒன்று அடுக்கி முழு எலும்பையும் படமாகப் போட்டுவிடுமாம்.

அம்மாவைத் திருப்பிப் படுக்கவைப்பதற்கும் கஞ்சி ஊட்டுவதற்குமே அவளுக்குப் பொழுது சரியாக இருந்தது. பத்து நாளில் நாலு வில்லைதான் வரைந்திருந்தாள். ஒருநாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தாள்.

"அண்ணாச்சி, இந்த ஊர்ல கை நடுங்காம கோடு போடுத ஆளு நீங்க ஒருத்தருதான். இதை மட்டும் வரைஞ்சு குடுத்தா, என் ஆராய்ச்சிப் புத்தகத்துல ஒங்க பேரப் போடுதேன்."

இங்கேதான் எல்லாம் ஆரம்பித்தது. அவள் பேரைப் போடுகிறேன் என்று சொல்லாமல் இருந்திருந்தால் நான் உள்ளது உள்ளபடி வரைந்து கொடுத்திருப்பேன். பேர் போடுகிற சரக்கை எப்படிக் கோணலாக விட முடியும்?

முதல் பத்து வில்லைகளை அவள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாள். அந்தப் பத்தும் சுத்தமான அளவு. அவற்றின்மேல் எந்தப் புகாரும் வராது. பதினொன்றாவதை எடுத்தபோது அவள் அம்மா கூப்பிட்டதால் உள்ளே போய்விட்டாள். நான் எலும்பின் ஓரத்தை ஒட்டிக் கோடு போட்டேன். அப்புறம் கை தானாகவே அந்தக் கோட்டுக்கு வெளியே இன்னொரு கோடு போட்டது.

உங்களுக்குத் தையல் தெரியாது, அதனால் சொல்கிறேன். உடம்பளவு ஒன்று, வெட்டளவு ஒன்று. உடம்பளவிலேயே வெட்டுகிறவன் டெய்லர் இல்லை. தையலுக்கு இரண்டு நூலாவது விட வேண்டும். ஒரு அங்குலத்துக்கு எட்டு நூல் என்பது எங்கள் கணக்கு. தொழிலுக்கு வந்த புதிதில் இளையரசனேந்தல் மாப்பிள்ளை ஒருவருக்குத் தையலுக்கு விடாமல் பேண்ட் வெட்டிவிட்டேன். மணவறையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தபோது அது பின்னால் பிளந்துவிட்டது. நாதஸ்வரம் கொஞ்சம் சத்தமாக வாசித்ததால் முன்வரிசைக்கு மட்டும்தான் கேட்டது. அன்றிலிருந்து நான் எதையும் ஒட்டி வெட்டியதில்லை.

இரண்டு கோடும் இருந்தால் பிள்ளை குழம்பிப் போகும் என்று உள்கோட்டை ரப்பரால் அழித்துவிட்டேன். சுத்தமாக அழித்தேன்.

பத்தாவதுக்கும் பதினொன்றாவதுக்கும் நடுவில் படி மாதிரித் தெரியக்கூடாது அல்லவா. பதினெட்டு வரைக்கும் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டு போனேன். அதற்கு மேல் எல்லாவற்றுக்கும் தையலுக்கு விட்டேன். அவள் சாயங்காலம் வந்து காகிதங்களை எண்ணி வாங்கிக்கொண்டு போவாள். அம்மாவுக்கு அந்த மாதம் காய்ச்சலும் சேர்ந்துகொண்டது. வில்லையோடு வைத்துச் சரிபார்க்க அவளுக்கு நேரமில்லை. என்மேல் நம்பிக்கையும் இருந்தது.

நூற்றிருபதாவது வில்லைக்குப் பிறகு எலும்பு கீழே விரிய ஆரம்பித்தது. எனக்கு ஆச்சரியமாகப் போய்விட்டது. எழுபத்தொன்பதில் சங்கரன்கோவில் முழுக்கப் பெல்பாட்டம்தான். மேலே பிடிப்பு, முழங்காலுக்குக் கீழே விரிப்பு. என் கடையில் மட்டும் தபசுக்கு நாற்பது பெல் போயிருக்கிறது. மனிதனுக்குள்ளேயே ஒரு பெல்பாட்டம் இருக்கிறது என்று பார்த்தபோது கடவுள்மேல் எனக்கு ஒரு தொழில் மரியாதை வந்தது.

ஆனால் கண்ணுக்குக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தபோது மரியாதை குறைந்துவிட்டது. கீழே இரண்டு குமிழ் இருக்கிறதே, அதில் ஒன்று பெரிதாகவும் ஒன்று சிறிதாகவும் இருந்தது. ஒன்று கீழே இறங்கியிருந்தது. பின்பக்கம் ஒரு பள்ளம் வேறு, நடுவில் இல்லாமல் ஒதுங்கி நின்றது. என் கடையிலிருந்து இப்படி ஒரு பெல் வெளியே போயிருந்தால் முகத்தில் விட்டெறிவார்கள். இதற்குக் கீழே 'தங்கசாமி, சங்கரன்கோவில்' என்று அச்சடிக்கப் போகிறார்கள்.

அதனால் திருத்தினேன். காகிதத்தை நடுவில் மடித்தேன். நல்ல பாதியை வரைந்தேன். திருப்பிப் போட்டு அதையே அடுத்த பாதிக்கும் வரைந்தேன். முப்பது வில்லைக்கும் அப்படித்தான். விரிப்பையும் கொஞ்சம் தாராளமாக விட்டேன், அந்த வருஷ மோஸ்தருக்கு. முடித்துவிட்டு வரிசையாக அடுக்கிப் பார்த்தபோது எனக்கே கண் கலங்கியது. அவ்வளவு லட்சணமான தொடை எலும்பு எந்த மனிதனுக்கும் இருந்திருக்காது.

அது வாஸ்தவம்தான் என்று பிறகு மெட்ராஸிலும் சொல்லியிருக்கிறார்கள்.

அடுத்த வருஷம் ஞானபூரணம் ஒரு சுருட்டிய தாளோடு பஸ்ஸில் வந்து இறங்கி, நேரே கடைக்குள் வந்தாள். முகம் வாடிக் கிடந்தது. தாளை வெட்டு மேசைமேல் விரித்தாள். கம்ப்யூட்டர் போட்ட படம். நான் சந்தோஷமாகப் பார்த்தேன். அவள் அழுதாள்.

அந்த எலும்பை வைத்துக் கணக்குப் போட்டால், மனிதன் ஒற்றைக்காலில் நின்றுகொண்டு ஒரு லாரி பருத்தி மூட்டையைத் தாங்குவான் என்று வந்திருக்கிறது. அவளுடைய புரொபசர், நீ அறுத்தது எந்த மிருகத்தின் காலை என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டார். வில்லைகளைத்தான் திரும்ப வரையலாமே என்றால், அவற்றை மருத்துவக் கல்லூரியில் திருப்பிக் கொடுத்துவிட்டாள், அவர்களும் விதிப்படி புதைத்துவிட்டார்கள். பதிவு முடிய இரண்டு மாதம்தான் பாக்கி. அதற்குள் ஆராய்ச்சிப் புத்தகத்தைக் கொடுக்காவிட்டால் ஆறு வருஷப் படிப்பு அவ்வளவுதான். அவள் அண்ணன் இதற்கென்றே காத்திருந்து, நாசரேத்துப் பக்கம் ஒரு மாப்பிள்ளையைப் பார்த்து வைத்திருந்தான்.

மேசைமேல் நான் வெட்டுவதற்கு வரைந்து வைத்திருந்த பேண்ட் துணி கிடந்தது. அதில் இரண்டு கோடு இருந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். கெட்டிக்காரப் பெண், டாக்டர்.

"அண்ணாச்சி, எலும்புக்கும் வெளிக்கோடு போட்டீயளோ?"

"போட்டேன் தாயி. தையலுக்கு விடாம எப்படி?"

அவள் என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எம்புட்டு விட்டீய? நான் பாக்காத வில்லைக்கெல்லாம் ஒரே அளவா விட்டீயளா? ஒரே அளவுன்னா கம்ப்யூட்டர்ல கழிச்சுப்பிடலாம். நான் பொழைச்சுக்கிடுவேன். ஒரே ஒரு நம்பர் சொல்லுங்க அண்ணாச்சி, போதும்."

உங்களிடம் மறைக்க ஒன்றுமில்லை. ஒரே அளவாக விடவில்லை. முதல் பத்துக்கு ஒன்றுமே விடவில்லை என்பதைத்தான் சொல்லிவிட்டேனே. மற்றதில் காலையில் இரண்டு நூல் விட்டிருப்பேன். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கை கொஞ்சம் தாராளமாகிவிடும், மூன்று நூல் போயிருக்கும். கரண்ட் இல்லாத சாயங்காலங்களில் எவ்வளவு போனது என்று எனக்கே தெரியாது. கீழ் முப்பதை மடித்து வரைந்த கதை வேறு.

இதையெல்லாம் சொன்னால் அந்தப் பிள்ளை அங்கேயே விழுந்திருக்கும். கையை விடாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைக்கு வருகிறவர்கள் 'எப்போது கிடைக்கும்' என்று கேட்டால் நாங்கள் 'நாளைக்கு' என்று சொல்கிறோம். அது பொய் இல்லை, ஆறுதல். அந்த மாதிரித்தான் சொன்னேன்.

"ரெண்டு நூலு தாயி. மிச்சம் நூத்து நாப்பதுக்கும் ஒரே அளவு. பிசகாது."

அவள் அங்கேயே முக்காலியில் உட்கார்ந்து, ஏசுவே ஏசுவே என்று சொல்லி அழுதாள். நானும் அழுதேன். நான் சொன்னதை வைத்து நல்ல காரியம் ஒன்று நடந்தது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இரண்டு மாதத்தில் புத்தகத்தைக் கொடுத்தாள். பட்டம் கிடைத்தது. மாப்பிள்ளையை வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். என் பேர் போட்டிருந்த பக்கத்தை நான் கண்ணாடி மாட்டிக் கடையில் வைத்திருக்கிறேன். உங்களுக்கு இங்கிலீஷ் தெரியும், வந்தால் படித்துப் பாருங்கள்.

அதோடு முடிந்தது என்று இருந்தேன். அந்த எலும்பை வைத்துத் தகடு செய்வார்கள் என்று யாருக்குத் தெரியும்? ஆராய்ச்சி என்றால் அலமாரியில் இருக்கும் என்றுதானே நினைப்போம்.

எண்பத்தைந்தில் புளியங்குடி பஸ் கண்டக்டர் சண்முகையா கடைக்கு வந்தார். ஆறு மாதம் முன்னால் தொடை முறிந்து, உங்களிடம்தான் ஆபரேஷன் செய்துகொண்டார். பையிலிருந்து பழைய காக்கி பேண்ட்டை எடுத்தார்.

"தங்கசாமி, என்ன வே தச்சீரு? எடது காலு நேரா நிக்கி, வலது காலு மட்டும் வெளிய பாத்து நிக்கி. டிக்கெட் குடுக்கப் போனா பக்கத்து சீட்டுக்காரன் மேல போயி இடிக்கேன்."

"கழத்திக் குடும் வே. பாக்கேன்."

அவரை நிற்கவைத்து அளந்தேன். பேண்ட்டில் தப்பே இல்லை, டாக்டர். அவருடைய கால்தான் முழங்காலுக்கு மேலே விரிந்து, பாதம் வெளிப்பக்கம் திரும்பியிருந்தது. எவ்வளவு விரிந்திருந்தது என்று டேப்பை வைத்துப் பார்த்தேன். எழுபத்தொன்பதாம் வருஷத்து விரிப்பு அப்படியே இருந்தது.

உங்கள் வார்டு பாய் எனக்குப் பழக்கம்தான். தகடு எலும்பில் உட்காரவில்லை என்று நீங்கள் சின்னச் சுத்தியலால் தட்டித் தட்டி எலும்பைத் தகட்டுக்கு வளைத்ததாக அவன் சொன்னான். கம்ப்யூட்டர் தப்புப் பண்ணாது, இந்த ஊர்க்காரர்களுக்கு எலும்பே கோணல் என்று நீங்கள் சொன்னீர்களாம். உங்கள்மேல் எனக்கு வருத்தமில்லை. அளவு இப்படி என்று எழுதிக் கொடுத்திருக்கும்போது உடம்பைத்தான் சந்தேகப்பட வேண்டும். நானும் அப்படித்தான் செய்வேன்.

சண்முகையாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. வலது கால் வெளித்தையலைப் பிரித்து, இரண்டு நூல் இறக்கி, உள்ளே ஒரு பட்டி வைத்துக் கொடுத்தேன். போட்டுப் பார்த்துவிட்டு, கால் நேராகிவிட்டது என்று சந்தோஷப்பட்டார். ஊரெல்லாம் சொல்லியும் விட்டார்.

அடுத்து எலுமிச்சங்காய் மண்டி பெத்துராஜ் வந்தார். அப்புறம் கடையநல்லூர் மைதீன் பாட்சா. துபாயிலிருந்து லீவில் வந்தவர் மோட்டார் சைக்கிளில் விழுந்து, உங்கள் கையால் தகடு வாங்கியவர். "டெய்லர், தொழுகையில நின்னா என் பாதம் பக்கத்து ஆள மிதிக்கி. மனுசன் எம்புட்டு நாளைக்குப் பொறுப்பான்?" என்று கேட்டார். கைலி கட்டுகிறவருக்கு நான் என்ன செய்ய முடியும்? இரண்டு பேண்ட் தைத்துக் கொடுத்து, இனிமேல் இதையே போட்டுக்கொள்ளச் சொன்னேன். மூன்று வருஷத்தில் இப்படி ஏழு பேர். நடக்கும்போது எல்லாருக்கும் ஒரே மாதிரி ஒரு வீச்சு இருக்கும். ரத வீதியில் நாலு பேர் சேர்ந்து வந்தால் போலீஸ் அணிவகுப்பு மாதிரி இருக்கும். பேண்ட் அளவெடுக்க நான் அவர்களைக் கூப்பிட வேண்டிய அவசியமே இல்லை. அந்த அளவு எனக்கு மனப்பாடம்.

ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்பீர்கள். திறந்தால் ஞானபூரணத்தின் பட்டம் போகும். இன்றைக்கு அவள் ஒரு கல்லூரியில் துறைத்தலைவி. அவள் உள்ளே வந்தால் நூறு பிள்ளைகள் எழுந்து நிற்கிறார்கள். அந்தப் பெண்ணின் கண்ணீரைப் பார்த்தவன் நான். ஏழு பேரின் நடையா, ஒரு பெண்ணின் வாழ்க்கையா என்று யோசித்துப் பாருங்கள். ஒவ்வொருத்தருக்கும் பேண்ட்டைச் சரிசெய்து கொடுக்கும்போது, என்னால் ஆனதைச் செய்துவிட்டேன் என்றுதான் இருந்தது. இரவில் நன்றாகத் தூங்கினேன்.

நேற்றுக் காலை பத்தேகால் மணிக்கு நர்ஸ் ஞானத்தாய் அந்தப் படிவத்தைக் கொண்டுவந்தாள். "இந்தத் தகடு வைக்கிற பன்னெண்டாவது ஆளு நீங்கதான் அண்ணாச்சி, குடுத்து வச்சவரு" என்றாள். அந்த நிமிஷத்திலிருந்து எனக்கு மனசாட்சி உறுத்த ஆரம்பித்துவிட்டது, டாக்டர். பதினோரு பேர். பயமாக இருக்கிறது. காலால் மிஷின் மிதித்துப் பிழைக்கிறவன் நான், பாதம் வெளியே திரும்பினால் மிதிப்பலகையை எப்படி மிதிப்பேன்? ஒரு மனிதனுக்கு உண்மையைச் சொல்லாமல் இருக்க முடியாத நேரம் ஒன்று வரும் என்பார்கள். எனக்கு வந்துவிட்டது.

ஆகையால் ஒளிக்காமல் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டுவிட்டேன். எலும்பைத் தடிமனாக்கியது நான். முழங்காலைத் திருத்தியது நான். அந்தப் பிள்ளையிடம் பொய் எண்ணைச் சொன்னது நான். தெரிந்த பிறகும் மூன்று வருஷம் பேண்ட்டைப் பிரித்துத் தைத்துக்கொண்டு சும்மா இருந்ததும் நான்தான். மனசு இப்போது லேசாக இருக்கிறது. ஞானபூரணத்துக்கு இது தெரிய வேண்டாம், பாவம். என் காலுக்குப் பழையபடி மாவுக்கட்டே போதும், நாலு மாதம் ஆனாலும் படுத்துக்கொள்கிறேன்.

பெட்டியைத் திறந்தாகிவிட்டது, தகடு வீணாகிறதே என்று நீங்கள் கவலைப்பட வேண்டாம். அடுத்து வருகிற ஆளுக்கு வைத்துவிடுங்கள். பேண்ட்டை நான் பார்த்துக்கொள்கிறேன்.